எஸ்டோனியக் கவியரசி லிடியா கோய்துலா அம்மையார்

உலகில் வழங்கும் மொழிகளுள் சில அரசவைகளில் வளர்ந்தன. சில கலாசாலைகளில் வளர்ந்தன. வேறு சிலவோ உழவர் குடிசைகளில் ஒதுங்கியிருந்து, கற்றோரால் இகழப்பெற்று, விரைவில் மறைந்தொழியும் என்று பலராலும் எண்ணப்பட்டு, பின்னர்த் தக்க புதல்வரையும் புதல்வியரையும் பெற்றமையால் தலைநிமிர்ந்தன. ஐரோப்பாக் கண்டத்தின் வடபாலில், பால்டிக் கடலோரத்தே வழங்கும் எஸ்டோனிய மொழி இம்மூன்றாம் வகையைச் சார்ந்ததாகும். அம்மொழிக்குப் பாட்டும் நாடகமும் அளித்த பெருமாட்டி லிடியா கோய்துலா அம்மையாரது வரலாற்றை நம் மாணவர் அறிதல் நலம் பயக்கும் என்று கருதி, அதனை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுந்தோம். அம்மையார் இவ்வுலகில் வாழ்ந்த காலம் நாற்பத்திரண்டு ஆண்டுகளே. அவற்றுள்ளும் தம் நாட்டு மண்ணில் வாழ்ந்தவை முப்பது ஆண்டுகளுக்கும் குறைவு. அக்குறுகிய காலத்துள் அவர் ஆற்றிய பணியோ ஒரு தேசத்தாரின் நெஞ்சில் இன்றும் நிலைபெற்றிருக்கிறது.

நாட்டின் நிலை

அம்மையாரின் பெருமையை உணரவேண்டின், அவர் பிறந்த காலத்தில் அந்நாடு இருந்த நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். எஸ்டோனிய மக்களின் நாடு பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜெர்மானிய வீரர் முதலியோரால் வெல்லப்பட்டது. பின்னர் ஸ்வீடன் தேசத்தார் ஆட்சிக்கு உட்பட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் கீழ்ச் சென்றது. அரசர் மாறினும் நிலத்துக்கு உடையவர் மாறவில்லை. மாளிகையும் வயலும் காடும் ஜெர்மானியப் பிரபுக்களின் வசமே இருந்தன. எஸ்டோனியர் அவர்கள் நிலத்தை உழும் அடிமைகளாயினர். வடபகுதியில் 1816-ஆம் ஆண்டிலும், லிவோனியா எனப்படும் தென்பகுதியில் 1819-ஆம் ஆண்டிலும் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் விடுதலை பெற்ற உழவனுக்குச் சொந்தமாக ஓர் அடி நிலமும் கிடைக்கவில்லை. அவன் முன்போலவே பிரபுவின் நிலத்தில் உழைத்துப் பிழைக்கவேண்டியவனானான்.

நகரங்களில் வாணிகமும் நீதிமன்றமும் உயர்ந்த கல்வியும் ஜெர்மன் மொழியிலேயே நடைபெற்றன. எஸ்டோனியன் ஒருவன் கல்வி கற்று மேனிலை அடைவானாயின், அவன் ஜெர்மன் மொழியையே பேசி, ஜெர்மானியர் உடையையும் நடையையும் மேற்கொண்டு, தன் பிறப்பை மறைத்து வாழ்வதே வழக்கமாயிருந்தது. கற்றவனாதலும் ஜெர்மானியனாதலும் ஒன்றென்றே அக்காலத்தார் கருதினர். உழவரும் தம்மை ஒரு தேசத்தாராக எண்ணினாரல்லர். நாட்டுப்புறத்து மக்கள் என்றே தம்மைக் குறித்துக்கொண்டனர்.

இவ்விருளிடையே ஒரு சிறு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. லூத்தரன் திருச்சபையார் உழவர் மொழியிலேயே மக்களுக்குப் போதிக்க வேண்டியவராயிருந்தமையால், வேதாகமம் முழுதும் 1739-ஆம் ஆண்டில் எஸ்டோனிய மொழியில் அச்சாயிற்று. சிற்றூர்ப் பள்ளிகளும் வீட்டில் தாய்மார் கற்பித்த கற்பிப்பும் உழவரிற் பலரை எழுத்தறிந்தோராக்கின. எனவே, படிக்கத் தெரிந்த மக்கள் இருந்தனர். ஆனால் அவர்கள் படிப்பதற்கு ஞான நூல்களும் பஞ்சாங்கங்களும் சில சிறு கதைகளுமன்றி வேறு நூல்கள் மிகுதியாக இருந்தில. இந்நிலையிலேதான் லிடியா அம்மையார் தோன்றினார்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1843-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ஆம் தேதி, லிவோனியாவைச் சார்ந்த வெண்ட்ரா என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லிடியா எமிலி புளோரன்டின் யான்சென் என்பது. தந்தையார் யோஹான் வோல்டெமார் யான்சென் என்பவர் மாவாலைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தம் முயற்சியாற் கற்று, தேவாலய ஊழியராகவும் பள்ளி உபாத்தியாயராகவும் உயர்ந்தவர். நகைச்சுவையாகப் பேசும் திறனும், எளிய மக்களின் உள்ளம் அறிந்து எழுதும் ஆற்றலும் அவரிடத்து மிகுந்திருந்தன. தாயார் ஜெர்மானியர் மரபினர். ஆதலின் வீட்டில் ஜெர்மன் மொழியும், முற்றத்திலும் பள்ளியிலும் எஸ்டோனிய மொழியும் வழங்க, இரண்டன் நடுவே குழந்தை வளர்ந்தது.

1850-ஆம் ஆண்டில் இக்குடும்பத்தார் பெர்னு என்னும் கடற்கரைப் பட்டினத்துக்குக் குடியேறினர். ஆங்கு லிடியா ஜெர்மானியப் பெண்களுக்குரிய பள்ளியிற் சேர்ந்து 1861-ஆம் ஆண்டுவரை பயின்றார். அப்பள்ளியில் அவர் கற்ற இலக்கியமும் ஜெர்மன். உடன்பயின்ற தோழியர் பேசியதும் ஜெர்மன். 1862-ஆம் ஆண்டில் தார்ட்டு நகரத்துச் சர்வகலாசாலையார் நடத்திய தேர்வில் வென்று, வீட்டு ஆசிரியையாக இருப்பதற்குரிய தகுதிப்பத்திரம் பெற்றார். பெண்கள் மாணவராகச் சேர்ந்து பயிலுதற்கு அச்சர்வகலாசாலை அக்காலத்தில் இடந்தரவில்லை. தேர்வு எழுதுதல் மட்டுமே அவர்க்குக் கிடைத்த பேறு.

இத்தகைய கல்வியுடைய நங்கை ஒருத்தி மேற்கொள்ளக்கூடிய வழி அந்நாளில் ஒன்றே. பிரபுக்கள் மாளிகையில் ஆசிரியையாக அமர்ந்து, பின்னர் ஜெர்மானியக் கனவான் ஒருவரை மணந்து, உழவர் மொழியை மறந்து வாழ்தலே அது. அவ்வழி அவர்முன் நன்கு திறந்து கிடந்தது. அதனை விடுத்து அவர் தந்தையாரின் எழுதுமேசைக்கே திரும்பிவந்தார். இந்தத் தேர்வே அவர்தம் வாழ்வின் திருப்பம் என்று நாம் கருதுகின்றோம்.

பத்திரிகைப் பணி

தந்தையார் யான்சென் 1857-ஆம் ஆண்டில் பெர்னு நகரில் எஸ்டோனிய மொழியில் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். பெர்னு நகரத் தபாற்காரன் என்று பொருள்படும் பெயருடைய அப்பத்திரிகையின் முதல் இதழிலேயே, அவர் தம் வாசகரை நாட்டுப்புறத்து மக்கள் என்னாது எஸ்டோனிய மக்கள் என்று விளித்து வணக்கம் கூறினார். ஒரு சொல்லின் மாற்றமேயாயினும், தம்மை ஒரு தேசத்தாரென்று உழவர் எண்ணத் தொடங்குதற்கு அது வித்தாயிற்று.

1863-ஆம் ஆண்டில் குடும்பம் தார்ட்டு நகருக்குச் சென்றது. அடுத்த ஆண்டில் ஆங்கு எஸ்டோனியத் தபாற்காரன் என்னும் பத்திரிகை தொடங்கிற்று. மூத்த மகளாகிய லிடியா அதன் பொறுப்பிற் பெரும்பங்கை ஏற்றார். அயல்நாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்தல், கதை எழுதுதல், அச்சுப்படி திருத்துதல், கடிதங்களுக்கு விடை வரைதல் ஆகிய யாவும் அவர் கைப்பட்டன. எனினும் அவர் பெயர் பத்திரிகையில் வெளிப்படவில்லை. பொது வாழ்வில் பெண் ஒருத்தி பெயர் வெளிப்படுதல் தகாது என்பது அக்காலக் கொள்கை. எழுதிய மகளின் உழைப்பு தந்தையாரின் பத்திரிகைக்குள்ளே மறைந்து நின்றது.

உரைநடையில் அவர் எழுதிய கதைகள் பெரும்பாலும் ஜெர்மன் நூல்களைத் தழுவியன. 1863-ல் வெளிவந்த முதற்கதையும் அவ்வாறானதே. ஆயினும் அவர் எவற்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நோக்குதல் வேண்டும். பெரு நாட்டின் கடைசி இன்கா அரசனைப் பற்றிய கதையை 1866-லும், ஜமைக்காத் தீவில் அடிமைத்தளையினின்று தப்பி மலைகளில் வாழ்ந்த கறுப்பு மக்களைப் பற்றிய கதையை 1870-லும் அவர் வெளியிட்டார். தம் நாட்டுப் பிரபுக்களைக் குறித்து வெளிப்படையாக எழுதுதற்குத் தணிக்கை அதிகாரிகள் இடந்தாரார். ஆகவே அடிமைப்பட்டோரின் துயரத்தைக் கடல் கடந்த நாடுகளின் பெயரால் அவர் சொன்னார். சொன்னதன் உட்பொருளைப் பாட்டனார் காலத்து அடிமைத்தனத்தை மறவாத உழவர் உணர்ந்துகொண்டனர்.

கவிதையும் பெயரும்

எஸ்டோனிய மக்களிடத்தே பழம்பாடல்களுக்குக் குறைவில்லை. வயலிலும் கலியாண வீட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வந்த அவை ஏட்டில் ஏறாதவை. ஏட்டில் இருந்தவை தேவாலயக் கீர்த்தனைகள். இவற்றிடையே, கற்றவர் ஒருவர் தம் உள்ளத்து உணர்ச்சியைத் தம் பெயரால் எஸ்டோனிய மொழியிற் பாடுதல் மிக அரிதாயிருந்தது. கிறிஸ்டியான் யாக் பீட்டர்சன் என்னும் இளைஞர் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாறு பாடினாரெனினும், அவர் 1822-ல் இளமையிலேயே இறக்க, பாடல்கள் இருபதாம் நூற்றாண்டுவரை கையெழுத்திலேயே கிடந்தன. இத்துறையில் லிடியா அம்மையார் தமக்கென ஒரு பாதை வகுத்துக்கொள்ள வேண்டியவராயினார்.

1866-ஆம் ஆண்டில் புல்வெளிப் பூக்கள் என்று பொருள்படும் தலைப்புடன் அவரது முதற் பாட்டுநூல் வெளிவந்தது. அதனையடுத்து எமாயோகி ஆற்றின் இராக்குயில் என்னும் இரண்டாம் நூல் வெளிவந்தது. எமாயோகி என்பது தார்ட்டு நகரத்தினூடே ஓடும் ஆறு. அப்பெயர்க்குத் தாயாறு என்பது பொருள். இருநூல்களிலும் ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை. முதல் நூலில் ஜெர்மன் பாடல்களைத் தழுவியவை பல. இரண்டாவதிலோ அவர்தம் சொந்தக் குரல் தெளிவாக ஒலித்தது. தாய்நாட்டின்பால் வைத்த அன்பு, தாய்மொழியின் இனிமை, பிறந்த வீட்டின் நினைவு, தாயின் பரிவு என்னும் இவையே அப்பாடல்களின் பொருள். உழவர் மொழி முரடானது, நுண்ணிய உணர்ச்சிகளைச் சொல்லுதற்குத் தகாதது என்று கூறிவந்த கற்றோர்க்கு அந்நூலே விடையாயிற்று. வாதத்தினால் அன்று, பாடிக்காட்டியதனால் அவர் அவ்வாதத்தை வென்றார்.

கார்ல் ராபர்ட் யாக்கோப்சன் என்னும் கல்வியாளர் அந்நாளில் எஸ்டோனியப் பள்ளிச் சிறுவர்க்கு ஒரு வாசகப் புத்தகம் தொகுத்து 1867-ல் வெளியிட்டார். அதில் லிடியாவின் பாடல்களைச் சேர்த்தபோது, ஆசிரியரின் பெயரில்லாத குறையை நீக்க அவர் கோய்துலா என்னும் புனைபெயரை இட்டார். விடியலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். அதுமுதல் எஸ்டோனிய மக்கள் அம்மையாரை அப்பெயராலேயே அறிவாராயினர். சிறுவர் மனப்பாடம் செய்யும் பாடல்களின் வாயிலாக அப்பெயர் பண்ணை வீடுகள்தோறும் புகுந்தது.

பெரும்புலவர் தொடர்பு

அக்காலத்து எஸ்டோனியர்க்கு மூத்த புலவராய் விளங்கியவர் பிரீட்ரிஹ் ரைன்ஹோல்ட் கிரொய்ட்ஸ்வால்ட் என்னும் வைத்தியர். கலேவிபோயக் என்னும் எஸ்டோனியப் பெருங்காப்பியத்தை நாட்டுப்பாடல்களையும் கதைகளையும் அடிப்படையாகக்கொண்டு இயற்றி, 1857 முதல் 1861 வரையில் வெளியிட்டவர் அவரே. அவர் கோய்துலாவினும் நாற்பது ஆண்டு மூத்தவர். 1867-ஆம் ஆண்டு முதல் இவ்விருவர்க்குமிடையே கடிதப் போக்குவரவு நிகழ்ந்தது. பாட்டின் இலக்கணம், மொழியின் தூய்மை, மக்களின் எதிர்காலம் முதலிய பலவற்றைப் பற்றி அவர்கள் மனம்விட்டு எழுதினர். முதிய புலவர் இளம் கவியின் ஆற்றலைப் போற்றினார், குறைகளையும் எடுத்துரைத்தார்.

ஈண்டு நாம் ஓர் உண்மையைக் குறிப்பிடாது செல்லலாகாது. எஸ்டோனிய இலக்கியத்தின் இரு தூண்களாகிய இவர்கள் எழுதிக்கொண்ட அக்கடிதங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டவை. கற்றோர் நுண்பொருளை ஆராய்தற்கு வேண்டிய உரைநடை எஸ்டோனிய மொழியில் அன்று பண்பட்டிருக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. தாம் உயர்த்த முயன்ற மொழியில் தாமே முழுதும் உரையாட இயலாத நிலையில் இருந்துகொண்டு அவர்கள் அம்மொழிக்காக உழைத்தனர். இதனைக் குறையெனக் கூறுவார் கூறுக. தொடங்குபவரது வேலையின் அருமை இதனால் விளங்குகிறதென்று நாம் கொள்கின்றோம்.

முதல் இசைவிழா

லிவோனியாவின் உழவர் விடுதலை பெற்று ஐம்பது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட, 1869-ஆம் ஆண்டில் தார்ட்டு நகரில் ஓர் இசைவிழா நடத்துவதென்று யான்சென் முதலியோர் தீர்மானித்தனர். 1865-ல் அவர்கள் நிறுவிய வனெமுயினே என்னும் சங்கம் இதனை ஏற்று நடத்திற்று. வனெமுயினே என்பது எஸ்டோனியப் புராணக் கதைகளில் இசைக்குரிய தெய்வத்தின் பெயர். அரசாங்கத்தின் அனுமதி பெறுதல் எளிதாக இல்லை. நெடுங்காலம் காத்திருந்த பின்னரே அது கிடைத்தது.

அவ்வாண்டு ஜூன் மாதம், ருஷ்ய ராஜ்யத்தில் வழங்கிய பழைய பஞ்சாங்கப்படி 18-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரை விழா நடந்தது. ஊர்தோறும் இருந்த பாடகர் குழுக்களிலிருந்தும் ஊதுகருவிக் குழுக்களிலிருந்தும் 800-க்கு மேற்பட்டோர் வந்து கூடினர். கேட்க வந்தோர் ஆயிரக்கணக்கினர். பாடப்பட்டவற்றுள் பெரும்பாலான ஜெர்மானியர் முதலிய பிறநாட்டார் இயற்றிய இசை. எஸ்டோனியர் ஒருவர் அமைத்த இசை இரண்டு பாடல்களுக்கே உரியது. இசையமைத்தவர் அலெக்சாண்டர் குனிலைட் என்னும் இளைஞர். அவ்விரண்டு பாடல்களுக்கும் சொற்கள் கோய்துலா இயற்றியவை. தாய்நாடே என் அன்பு என்னும் பொருளுடையது ஒன்று; மரணம்வரை நாட்டைப் போற்றுவேன் என்னும் பொருளுடையது மற்றொன்று.

விழாவிற் பாடியவர் அனைவரும் ஆடவர். பெண்கள் பாடகராய் நிற்க அவ்விழாவில் இடமில்லை. ஆண் பெண் இருபாலாரும் சேர்ந்து பாடும் குழுக்கள் 1891-ஆம் ஆண்டு விழாவிலேதான் சேர்க்கப்பட்டன. எனவே பல்லாயிரவர் செவியில் முதன்முறை எஸ்டோனியத் தாய்நாட்டைப் பற்றிய பாட்டு ஒலித்தபோது, அதனை இயற்றிய அம்மையார்க்கு அதனை மேடைமேல் நின்று பாடும் உரிமை இருந்திலது. தந்தையாரும் அவ்விழாவுக்கென, பின்லாந்து நாட்டில் வழங்கிய பாஸியஸ் என்பாரது மெட்டுக்கு ஒரு பாட்டு எழுதினார். அதுவே 1920-ஆம் ஆண்டில் எஸ்டோனியக் குடியரசின் தேசிய கீதமாயிற்று.

நாடகத்தின் தாய்

மறுவருஷம் அம்மையார் வேறொரு துறையிற் கைவைத்தார். தார்ட்டு நகரில் ஜெர்மன் நாடகங்கள் நடந்துவந்தன. எஸ்டோனிய மொழியில் நாடகம் என்பதே இல்லை. வனெமுயினே சங்கத்தின் ஐந்தாம் ஆண்டு நிறைவு விழாவுக்கென அவர் ஒரு சிறு நகைச்சுவை நாடகத்தை ஆயத்தம் செய்தார். தியோடர் கேர்னர் என்னும் ஜெர்மன் கவியின் நாடகம் ஒன்றைத் தழுவி, எஸ்டோனியக் கிராமத்துக்கும் மக்கள் இயல்புக்கும் ஏற்ப மாற்றியமைத்து, சாரெமாத் தீவிலிருந்து வந்த உறவினன் எனப் பொருள்படும் பெயரிட்டார். 1870-ஆம் ஆண்டு, பழைய பஞ்சாங்கப்படி ஜூன் 24-ஆம் தேதி அது நடிக்கப்பெற்றது. அந்நாளையே எஸ்டோனிய நாடக அரங்கின் பிறந்தநாளாகக் கொள்வர்.

நடிக்க வந்தோர் எவரும் மேடை கண்டவரல்லர். எங்கே நிற்பது, எவ்வாறு பேசுவது, கையை எவ்வாறு அசைப்பது என்பன யாவும் அம்மையாரே கற்பித்தார். நற்குடிப் பெண்கள் மேடையேறுதல் தகாது என்னும் எண்ணம் மிகுந்திருந்தமையால் பெண்வேடத்தையும் ஆடவரே புனைந்தனர். ஆக, நாடகத்தை எழுதியவர் பெண், பயிற்றியவர் பெண், மேடைமேற் பெண்ணாக நின்றவரோ ஆண். அரங்கில் தம் மொழியில் தம்மைப்போன்ற மனிதர் பேசக் கேட்ட மக்கள் பெருமகிழ்ச்சி அடைந்தனர்.

அவ்வாண்டிலேயே மற்றொரு நாடகமும், பின்னர் 1872-ல் முற்றிலும் அம்மையாரது சொந்தக் கற்பனையாகிய ஒரு நகைச்சுவை நாடகமும் வெளிவந்தன. தென்பகுதியில் முல்க்கு எனப்படும் ஒரு வட்டாரத்தாரை மற்றை வட்டாரத்தார் எள்ளி நகையாடுதல் வழக்கம். அவ்வெள்ளலையே கருவாகக்கொண்டு, ஒரே மொழி பேசும் மக்கள் தமக்குள் பகைத்துக்கொள்ளும் பேதைமையை அவர் சிரிப்போடு எடுத்துக்காட்டினார். இந்நாடகங்கள் உருவிற் சிறியன. அறிவுரை கூறும் நோக்கம் சிலவிடங்களில் மிகுதியாகவே தோன்றும். ஆயினும் கிராமத்தார் பேசும் பேச்சை அப்படியே மேடைக்குக் கொணர்ந்த உயிர்ப்பினால் அவை நிலைத்தன. வனெமுயினே சங்கத்து மேடையில் அவர் இட்ட வித்து முளைத்து, 1906-ஆம் ஆண்டில் அப்பெயரையே தாங்கிய தொழில்முறை நாடகக் குழுவாக வளர்ந்தது.

திருமணமும் பிரிவும்

1873-ஆம் ஆண்டில் அம்மையார் எடுவார்ட் மிஹெல்சன் என்பவரை மணந்தார். அவர் லாட்விய மரபினர். தார்ட்டுச் சர்வகலாசாலையில் மருத்துவம் கற்று ருஷ்யப் படையில் வைத்தியரானவர். அவர்க்கு வேலை கிடைத்த இடம் குரோன்ஸ்டாட். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு எதிரே, கடல் நடுவிலுள்ள தீவில் அமைந்த கடற்படைக் கோட்டைப் பட்டினம் அது. மணமான அவ்வாண்டிலேயே அம்மையார் தம் நாட்டையும் தந்தையாரின் பத்திரிகையையும் நண்பரையும் விட்டு ஆங்குச் சென்றார். அதன்பின் விருந்தினராக வந்து சென்றதன்றி, தம் நாட்டில் குடியிருக்கும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை.

புதிய வீட்டில் வழங்கிய மொழி ஜெர்மன். தெருவில் வழங்கியது ருஷ்யன். தாம் எந்த மொழிக்குத் தம் இளமையைக் கொடுத்தாரோ அம்மொழி அவர்தம் எழுதுகோலிலும் நெஞ்சிலும் மட்டும் நிலைத்திருந்தது. மூன்று குழந்தைகள் பிறந்தனர். கணவர் மேற்படிப்பின் பொருட்டுச் சென்றபோது, 1876 முதல் 1878 வரை, பிரெஸ்லௌ, ஸ்ட்ராஸ்பர்க், வியன்னா ஆகிய நகரங்களிலும் அவர் தங்கினார். பெரிய நகரங்களின் நாடகசாலைகளையும் இசையையும் கண்டு மகிழ்ந்தாரெனினும், நாட்டை நினைந்து ஏங்கும் பாடல்களை அவர் எழுதுவது நிற்கவில்லை. தூரம் மிகுந்தபோது பாட்டின் ஆழமும் மிகுந்தது.

இதற்கிடையே தாய்நாட்டில் தலைவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். அவருக்குப் புனைபெயர் சூட்டிய யாக்கோப்சன் 1878-ல் சகலா என்னும் பத்திரிகையைத் தொடங்கி, பிரபுக்களின் ஆதிக்கத்தைக் கடுமையாகத் தாக்கினார். அவர்களிடத்து மென்மையாக நடந்த யான்சென்னையும் குறைகூறினார். பிரபுக்களின் சபையிலிருந்து யான்சென் இரகசியமாகப் பொருளுதவி பெற்றுவந்தமை பிற்காலத்தில் ஆராய்ச்சியாளரால் வெளிப்படுத்தப்பட்டது. மகளாகிய அம்மையார் தந்தையாரின் பக்கமே நின்றார். நன்றியும் பாசமும் ஒருபுறம் இழுக்க, பாட்டினால் தாம் எழுப்பிய இளந்தலைமுறையினர் மறுபுறம் விலகிச் செல்ல, அவர் பட்ட மனவருத்தம் சிறிதன்று. 1880-ல் யான்சென் பாரிசவாயுவினால் தாக்கப்பட்டு, தம் பத்திரிகைப் பணியிலிருந்து விலக நேர்ந்தது. இசைவிழாவுக்குச் செல்லத் துடிக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிய கடைசி நாடகத்தை அவ்வாண்டில் அம்மையார் குரோன்ஸ்டாட்டில் இருந்து எழுதினார் என்பதை நோக்குழி, அவர் உள்ளம் எங்கே இருந்தது என்பது விளங்கும்.

இறுதி

சில ஆண்டுகளில் மார்பிற் புற்றுநோய் அவரைப் பற்றியது. கணவர் வைத்தியராயிருந்தும் அக்கால மருத்துவத்தால் அதனைத் தீர்க்க இயலவில்லை. வலியினிடையே அம்மையார் எழுதுவதை விட்டாரல்லர். மரணம் அணுகியதை அறிந்து எஸ்டோனியாவை நோக்கி விடைபெறும் பாடல் ஒன்றை அவர் எழுதினார். 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ஆம் தேதி குரோன்ஸ்டாட்டில் அவர் உயிர்நீத்தார். அத்தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் இயற்றிய பாடல்கள் 300-க்கு மேற்பட்டவை. அவற்றுட் பல அவர் வாழ்நாளில் நூலுருப் பெறாதவை.

பின்வந்த புகழ்

எஸ்டோனியா 1918-ல் சுதந்திர நாடாயிற்று. 1929-ல் பெர்னு நகரத்தார், அமாண்டுஸ் ஆடம்சன் என்னும் சிற்பியைக்கொண்டு அம்மையார்க்குச் சிலை நாட்டினர். 1940-ல் நாடு சோவியத் ராஜ்யத்துடன் இணைக்கப்பட்டுச் சுதந்திரம் இழந்தது. அம்மையாரின் எலும்புகள் 1946-ல் குரோன்ஸ்டாட்டிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டுத் தாலின் நகரத்து வனக் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. இறந்து அறுபது ஆண்டு கழிந்தபின் அவர் தம் நாடு திரும்பினார். திரும்பியபோதோ நாடு மீண்டும் பிறர் வசமாகியிருந்தது.

அந்நாளில் தந்தையார் எழுதிய தேசிய கீதம் தடுக்கப்பட்டது. அவ்விடத்தை நிரப்பியது மகளின் பாட்டு. 1869-ஆம் ஆண்டு விழாவிற் பாடப்பெற்ற அம்மையாரின் பாடலுக்கு, குஸ்தாவ் எர்னெசாக்ஸ் என்பவர் 1944-ல் புதிய இசை அமைத்தார். 1947-ஆம் ஆண்டு இசைவிழாவில் அது பாடப்பட்டது. பின்னர்ச் சிலகாலம் விழாநிரலிலிருந்து விலக்கப்பட்டிருந்தும், 1960-ஆம் ஆண்டு விழாவில் பாடகரும் மக்களும் தாமாகவே அதனைப் பாடினர். அதுமுதல் பேசத் தடையுள்ள உணர்ச்சிகளை யெல்லாம் அப்பாட்டு ஏந்திநின்றது. 1991-ல் நாடு மீண்டும் சுதந்திரம் பெற்றது. 1992 முதல் 2010-ன் இறுதிவரை அந்நாட்டு நாணயமாக வழங்கிய 100 குரோன் நோட்டில் அம்மையாரின் திருவுருவம் அச்சிடப்பட்டிருந்தது. முதல் நூல்களில் பெயரும் அச்சிடப் பெறாதவரின் முகத்தை நாடு முழுதும் கையில் ஏந்திற்று.

இவ்வரலாற்றை எழுதி முடிக்குங்கால் நம் மனத்தில் தங்குவது ஒன்று. கோய்துலா அம்மையார் உலகப் பெருங்கவிகளின் வரிசையில் முன்நிற்பவர் என்று நாம் வாதிக்கவில்லை. அவர் நூல்களிற் பல தழுவல்கள். சில விரைவில் எழுதப்பட்டவை. தம் மக்கள் இரண்டுபட்டபோது அவர்க்கும் தெளிவான வழி தோன்றவில்லை. ஆனால், கல்வி தமக்குத் திறந்த வாயிலின் வழியே தம் மக்களை விட்டு வெளியேறாமல், அக்கல்வியைச் சுமந்துகொண்டு அவர்களிடமே திரும்பி வந்தவர் அவர். திரும்பி வந்தோர் சிலராயினும், அவரால் எஸ்டோனிய மொழி ஒரு தலைமுறைக்குள் பாடவும் நடிக்கவும் கற்றுக்கொண்டது. கல்வி கற்றுப் பலதிசையும் செல்லவிருக்கும் மாணவர், தாம் கற்றதை எங்கே கொண்டு சேர்ப்பது என்று ஆராயும்போது, பால்டிக் கடலோரத்து இவ்வம்மையாரையும் ஒருமுறை நினைந்துகொள்வாராக.